பீஸ் ஆஃப் கேக்கும் ஏறிப்போன டார்கெட்டும்

ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு ஓடறவங்களை நிறுத்தி வச்சு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறதுதான் என் பிழைப்பு. வாத்தியார் வேலை பார்த்து நொந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

முதல் பெஞ்ச் ரோஸ்லின்

ஓசூர்ல கார் பாகம் பண்ற கம்பெனி. கேன்டீன் போர்டுல வாரம் ஒரு இடியம், அதாவது இங்கிலீஷ் மரபுத்தொடர், எழுதுவேன். எழுதினதை அந்த வாரமே பேசித் தீர்த்துடணும்னு அங்க ஒரு பழக்கம். எங்க பேசறதுங்கற கவலையே கிடையாது.

அசெம்பிளி லைன் ரோஸ்லின் என் கிளாஸுக்கு ஒருநாளும் மட்டம் போட்டதில்லை. லைன் லீடர் ஆயிட்டா பகல் ஷிஃப்ட் மட்டும்தான். ஆனா அதுக்கு இன்டர்வியூ இங்கிலீஷ்ல. ஏம்மா இவ்வளவு அவசரம்னு கேட்டேன். "நைட் முடிச்சு நான் வீட்டுக்குள்ள நுழையறேன், என் பொண்ணு ஸ்கூல் பையோட வெளிய போறா சார்."

கால் உடையட்டும்

மேடை ஏறப் போறவங்களை வாழ்த்தறதுக்கு 'பிரேக் எ லெக்'னு சொல்வாங்கன்னு எழுதிப் போட்டேன். அவ்வளவுதான். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம், விபத்து இல்லாத நாட்களை எழுதற போர்டுக்குக் கீழேயே நின்னு ஒருத்தரை ஒருத்தர் வாழ்த்திக்கிட்டாங்க.

சேஃப்டி ஆபீசர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அய்யோ சார், கை கால் பத்திரம்னு நான் தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க காலை உடைங்கறீங்க! வேற நல்ல வாழ்த்தே இல்லையா உங்க இங்கிலீஷ்ல?"

ரொம்ப சுலபம்

புரொடக்‌ஷன் மேனேஜர் சேலத்துக்காரர். தினமும் லைன்ல நடந்துக்கிட்டே "டார்கெட் ஓகேவா?"ம்பார். "பாக்கலாம் சார்"ங்கறதுதான் காலங்காலமா வர்ற பதில். சுலபம்னு வாய் தவறிக்கூட யாரும் சொல்ல மாட்டாங்க.

அந்த வாரம் நான் எழுதினது, ரொம்ப சுலபம்ங்கறதுக்கான 'பீஸ் ஆஃப் கேக்'. லைன் முழுக்க அவர்கிட்ட அதையே சொல்லுச்சு. எனக்கு ஒரே பெருமை. மறுவாரமே டார்கெட் ஏறிப்போச்சு. கேன்டீன்ல என் மூஞ்சியை ஒருத்தரும் பாக்கலை. ரோஸ்லின் மட்டும் வந்தா. "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இனிமே கஷ்டம்னு சொல்ற இடியமா எழுதுங்க."

வாய் கொள்ளாத கடி

எழுதினேன்: 'டோன்ட் பைட் ஆஃப் மோர் தேன் யு கேன் ச்யூ'. சக்திக்கு மீறி இழுத்துப் போட்டுக்காதேன்னு அர்த்தம். அதே வாரம் ரோஸ்லினுக்கு இன்டர்வியூ. டார்கெட்டை இன்னும் ஏத்தலாமான்னு மேனேஜர் கேக்க, இவ முடியாதுங்கற மாதிரி வேகமா தலையை ஆட்டி, அவர் மூஞ்சிக்கு நேராவே அதை எடுத்து விட்டுட்டா!

வெளிய வந்து நடந்ததை என்கிட்ட அப்படியே சொன்னா. மேனேஜருக்கே புத்தி சொல்லிட்டோம்னு புரிஞ்சதும் அவ முகம் செத்துப்போச்சு. "போச்சு சார், மறுபடி நைட்தான்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. நான் எழுதின வரி; எனக்குத் தாங்கலை.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேக்கத் தயாராத்தான் போனேன். "இன்டர்வியூவுக்கு வந்த மத்த எல்லாரும் இன்னும் பீஸ் ஆஃப் கேக்னே சொன்னாங்க. அந்தம்மா தலையாட்டின வேகத்துலயே முடியாதுன்னு புரிஞ்சுது. நிஜம் சொல்ற ஆள் வேணும், அவங்கதான் லீடர். ஆனா அந்த இங்கிலீஷுக்கு என்ன அர்த்தம் சார், திட்டினாங்களா?"

லீடரம்மா

முதல் நாள், பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு, வாயெல்லாம் பல்லா வந்தா ரோஸ்லின். லைன் முன்னால நின்னு, "டார்கெட் ஓகேவா?"ன்னா. அத்தனை பேரும் ஒரே குரல்ல, "டோன்ட் பைட் ஆஃப் மோர் தேன் யு கேன் ச்யூ, மேடம்!"

விறுவிறுன்னு நேரா கேன்டீனுக்கு வந்தா. "சார், முதல்ல அந்த இடியத்தை அழிங்க!"

கீழ இருக்கறவங்க கேட்டா எழுதி, மேல போனவங்க கேட்டா அழிச்சு, ஏதோ என் பிழைப்பும் சாக்பீஸும் டஸ்டருமா ஓடுது.