முப்பதாவது நாளுக்கு முன்

ஒரு வீட்டைக் காப்பது எது? பூட்டா, எழுதி வாங்கிய காகிதமா, அதை நினைத்துப் பயந்துகொண்டே இருக்கும் ஆளா? ரோசம்மாவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. பதில்தான் கிடைத்ததில்லை.

சுங்கைப் பட்டாணி ஊரை ஒட்டிய பாக்கார் ஆராங்கில் அவளுக்கு ஒரு பலகை வீடு இருந்தது. தகரக் கூரை, இரண்டு அறை. புருஷன் காய்ச்சலில் போன பிறகு இடியாப்பம் அவித்து விற்றுக் கட்டிய வீடு. ஜப்பான் சண்டைக்கு முந்தைய வருஷம் இன்சூரன்ஸ் ஏஜெண்டு டக்ளஸ் வந்து, இருப்பதிலேயே மலிவான தீக்காப்புப் பத்திரத்தை அவளுக்கு எழுதிக் கொடுத்தான். இங்கிலீஷில் நான்கு பக்கம். அதில் ஒன்றை மட்டும் தமிழில் சொன்னான்: "வீட்ட முப்பது நாளு சேர்ந்தாப்ல காலியா போட்டுடாதீங்கக்கா. போட்டா பத்திரம் செத்துப் போயிரும்."

டிசம்பரில் குண்டு விழுந்தது. சுங்கைப் பட்டாணியே காலியானது. ரோசம்மா சிடாம் கிரி பக்கம் ரப்பர் தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில் இருந்த தங்கை ஜெனவீவிடம் ஓடினாள். போன மறுநாளே பால் டின் ஒன்றில் ஒரு ரப்பர் கொட்டையைப் போட்டாள். நாளுக்கு ஒரு கொட்டை. இருபத்தொன்பது சேர்ந்ததும் விடியலில் தன் வீட்டை நோக்கி நடந்தாள்.

"அக்கா, ஊரே அங்கருந்து ஓடி வருது. நீ மட்டும் அங்க போற. வூடு என்ன ஒன்ன காணம்னு அழுவுதா?" என்றாள் ஜெனவீவ்.

"அடுப்ப மூட்டி ஒரு சோறு ஆக்கிட்டு வந்துர்றேன்டி. ஆளு இருந்த மாதிரி ஆயிரும்."

ஊருக்குள் நுழையும் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் நின்றான். குனிந்து கும்பிட்டுத்தான் தாண்ட வேண்டும். பத்திரத்தை அவள் ரவிக்கைக்குள் வைத்துத் தைத்திருந்தாள். குனியும்போது அது மடங்கிச் சத்தம் போட்டது. மாதாவே, அவன் காதில் விழக் கூடாது. முதல் தடவையும் இரண்டாம் தடவையும் விழவில்லை.

மூன்றாம் தடவை, அவளுக்கு முன்னால் போன ஒருத்தி சரியாகக் குனியவில்லை. சிப்பாய் அவளை வெயிலில் மண்டியிட வைத்துத் தலைக்கு மேல் ஒரு கல்லைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். கல் இறங்கும்போதெல்லாம் துப்பாக்கிக் கட்டை முதுகில் விழுந்தது. அடுத்தது ரோசம்மா. நெற்றி முழங்காலில் படக் குனிந்தாள். வேர்வையில் நனைந்த பத்திரம் அன்று சத்தம் போடவில்லை. பாலம் தாண்டியதும் வாந்தி எடுத்தாள்.

நிமிர்ந்தபோது எதிரே டக்ளஸ் நின்றான். சாக்குத் துணியில் கால்சட்டை, தோளில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை. அவள் எதற்காக வந்தாள் என்று தெரிந்ததும் அவன் முகம் வெளுத்தது.

"இன்னமுமா அத வச்சிருக்கீங்க? வெள்ளக்காரன் பேப்பர்க்கா! புடிச்சா ஒளவாளின்னு தலைய எடுத்துருவான். கொளுத்திடுங்க."

"கொளுத்திட்டா வூட்டுக்கு யாரு பொறுப்பு?"

டக்ளஸ் பாலத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இப்ப மட்டும் யாரு? அது மலிவு பேப்பர். அடுப்பு நெருப்பு புடிச்சா குடுப்பான். வெள்ளம் வந்தா இல்ல, திருடு போனா இல்ல. சண்டையில எரிஞ்சா ஒண்ணுமே இல்ல. மூணாம் பக்கத்துல எழுதியிருக்கு. கம்பெனி ஆபீசுலயும் இப்ப ஜப்பான்காரன் அரிசி அடுக்கி வச்சிருக்கான்லா."

"அன்னிக்கே சொல்லலியே தம்பி."

"நாலு பக்கமும் இல்ல இல்லன்னு வாசிச்சா யாருக்கா வாங்குவா?"

"அப்ப அந்த முப்பது நாளு?"

"அது ஒண்ணுதான் ஒங்க கையில இருந்துச்சு. அதனால அத சொன்னேன்."

அவன் மூட்டையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். ரோசம்மா வீட்டுக்குப் போனாள். பக்கத்து இரண்டு வீடுகள் கரியாகக் கிடந்தன. தன் வீட்டுக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பை மூட்டினாள். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரவிக்கைத் தையலைப் பிரித்து, மூன்றாம் பக்கத்தை விரித்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மற்ற மூன்று பக்கங்களைப் போலத்தான் அதுவும் இருந்தது.

லயத்துக்குத் திரும்பியதும் நடந்ததை எல்லாம் சொன்னாள். ஜெனவீவ் சிலுவை போட்டுக்கொண்டாள். "நல்லதாப் போச்சு. இனி அந்தப் பாலம் பக்கமே போவாதக்கா. அந்தக் கல்லு ஒன் தலைக்கு மேல வர வேண்டியது."

ரோசம்மா தலையை ஆட்டினாள். ரவிக்கைக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள். நான்கு பக்கமும் சாம்பலாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். டின்னைக் கவிழ்த்துப் பழைய கொட்டைகளை வாசலில் கொட்டினாள்.

மறுநாள் காலை, பால்மரத்தடியில் ஒரு ரப்பர் கொட்டையைப் பொறுக்கி வந்து காலி டின்னுக்குள் போட்டாள். இருபத்தொன்பதாவது கொட்டை விழுந்த நாளில் விடியுமுன்னே எழுந்து, பாலத்தை நோக்கி நடந்தாள். ஏனென்று ஜெனவீவ் அன்றும் கேட்டாள், சண்டை முடிந்து பல வருஷம் கழித்தும் கேட்டாள்.