கடைசி இரண்டு கம்பிகள்

ஒன்பது வயதில் நான் குழம்பிய குழப்பத்துக்கெல்லாம் மாமாதான் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பாதிக் காரணம் அம்மா.

அபிராமபுரத்தில் எங்கள் ஃபிளாட்டின் கூடத்தில்தான் அம்மா பாட்டு வகுப்பு நடத்தினாள். அவள் தம்பி, என் மாமா, எங்களோடு தங்கியிருந்தார். ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து கச்சேரி செய்தவர்களாம். கம்பெனி வேலை கிடைத்ததும் மாமா பாட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. "சாப்பிட வரச் சொல்லு", "பசியில்லைன்னு சொல்லு" என்று எல்லாத் தூதும் என் தலையில்தான். பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் நான்தான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அந்த மாமாதான் எனக்கு யுகுலேலே வாங்கிக் கொடுத்தார். கிடாருக்குக் குட்டித் தங்கை மாதிரி, நாலே நாலு நைலான் கம்பி. கம்பிகளை விரலால் அழுத்திப் பிடித்து ஒருசேர மீட்டும் 'கார்டு' மூன்றும் ஒரு பாட்டும் சொல்லிக் கொடுத்தார். கொலுவுக்கு வருகிறவர்கள் குழந்தைகளைப் பாடச் சொல்லாமல் போக மாட்டார்கள். அப்போது இதை வாசித்து எல்லோரையும் அசத்திவிடுவது என்று முடிவுகட்டியிருந்தேன்.

ஆனால் காலையில் மாமா சுருதி சேர்த்து வைத்துவிட்டுப் போவார். பள்ளி விட்டு வந்து எடுத்தால் அது வேறு ஏதோ பேசும். கடைசி இரண்டு கம்பிகள் தொளதொளவென்று இறங்கியிருக்கும். கார்டு பிடித்தால் காதைக் குடையும். சும்மா மீட்டினாலோ தம்புரா மாதிரி லட்சணமாக ச, ப என்று கேட்கும். விரல் தப்பா, கம்பி தப்பா, நானே தப்பா? ஐயோ, தலையே சுற்றியது.

"கம்பியத் தொட வேண்டாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"நான் ஏன் தொடறேன், எனக்கு ஆத்துல வேற ஜோலி இல்லையான்னு சொல்லு."

சொன்னேன். மறுநாளும் அதே கதை.

நவராத்திரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைய மாமிகள். கேட்டார்கள், எடுத்தேன். முதல் கார்டே அலறியது. ஒரு மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கார்டை விட்டுவிட்டு வெறும் கம்பிகளையே திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் மாமா. அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஒரு கட்டை சுருதியாச்சே! அக்கா அஞ்சு கட்டைன்னா பாடுவா. இது என்னோட சுருதி."

அம்மா சுண்டல் பொட்டலம் மடிப்பதிலேயே கண்ணாக இருந்தாள். மாமா வாசற்படியில் நின்றபடியே பாட ஆரம்பித்தார். தொண்டை கரகரத்தது. நடுவில் ஒரு வரி மறந்தது. அம்மா தலை நிமிராமல் எடுத்துக் கொடுத்தாள். எனக்கோ ஆத்திரமான ஆத்திரம். என் பாட்டும் போச்சு, மானமும் போச்சு. என்னைச் சுருதிப் பெட்டியாக்கிவிட்டார்களே!

பாட்டு முடிந்ததும் அம்மா மாமாவிடம் ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"உப்பு போறுமா பாருடா."

பழக்க தோஷம், நான் மாமா பக்கம் திரும்பினேன். "உப்பு போறுமான்னு அம்மா கேக்கறா."

மாமா ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அம்மாவும் துடைத்தாள். மிளகாய் கூடிவிட்டது போலிருக்கிறது என்று நான் சுண்டலைத் தொடவே இல்லை.