சம்பந்தியம்மாவோடு சிப்பிக்குப் போனது

என் மகளைத் தீவில் கட்டிக்கொடுக்கப்போகிறோம் என்று சொன்னதும் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். மழைக்காலத்தில் எப்படிப் போய்ப் பார்ப்பீர்கள்? நாங்கள் புத்தலப்பட்டுக்காரர்கள். கரும்பும் வேர்க்கடலையும் மாந்தோப்பும் தெரியும். தண்ணீர் என்றால் எங்களுக்குக் கிணறு, இல்லையென்றால் போர்வெல். என் வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். நான் சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் தடா பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், கூட வேலை செய்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். அவன் வீடு தடாவுக்குக் கிழக்கே, ஏரிக்கு நடுவில் இருக்கும் தீவில். ஏரி என்று பேரே தவிர, அது கடலோடு சேர்ந்த உப்புத் தண்ணீர்.

பையன் நல்லவன். அவர்களும் எங்களைப்போலவே ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். மறுக்கக் காரணம் ஒன்றும் இல்லை. கல்யாணம் சித்தூரில் நடந்தது. அதில் நான் ஒரு பிசகு செய்துவிட்டேன். விடியற்காலையில் வேன் ஏறி வந்த மீன்காரக் குடும்பத்துக்கு மட்டன் பிரியாணி மட்டும் போட்டேன். ஒரு துண்டு மீன் இல்லை. அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்ததை நான் பார்த்தேன். சம்பந்தியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்கப்புறம் எட்டு மாதம் எங்களுக்குள் பேச்சு என்றால் போனில் இரண்டே கேள்விதான். நல்லா இருக்கீங்களா, சாப்ட்டீங்களா. உடனே போனை என் மகள் கையில் கொடுத்துவிடுவார். கோபம் தீரவில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

மாசி பிறந்ததும் வீட்டுக்காரரும் நானும் முதல் தடவையாகத் தீவுக்குப் போனோம். ஒரு பை நிறைய வெல்லம், அரை மூட்டை வேர்க்கடலை. திருப்பதியில் பஸ் மாறி, தடாவில் இறங்கி, ஆட்டோவில் படகுத்துறைக்கு வந்து சேரவே பகல் போய்விட்டது. படகில் நான் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வேர்க்கடலை மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சம்பந்தியம்மா கூடையும் ஒரு முழ நீள இரும்புக் கம்பியும் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். எங்கே என்று கேட்டேன். சிப்பிக்கு என்றார். நானும் வரட்டுமா என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு அது மேல் என்று தோன்றியது. அவர் என் புடவையைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"வாணாங்க சம்பந்தியம்மா. சிப்பி காலை அறுத்துடும். வேணும்னா கரையில குந்திக்கினு பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் ரத்தத்தைப் பார்த்தவளிடம் காலை அறுத்துவிடும் என்கிறாரே. ஏதாவது ஷூ இருந்தால் கொடுங்கள் என்றேன். மருமகனின் பழைய கேன்வாஸ் ஷூவைத் தேடி எடுத்து வந்தார். இரண்டு அளவு பெரியது. கயிறு வைத்துக் கணுக்காலோடு கட்டிக்கொண்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தீவின் தெற்குக் கரைக்கு அவர் பின்னால் நடந்தேன்.

அங்கே தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். கொஞ்ச தூரத்தில் கற்கள் கருப்பாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. கற்கள் என்று நான் நினைத்தது பூராவும் சிப்பி. ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, குத்துக்குத்தாக, ஓரமெல்லாம் பிளேடு மாதிரி. இன்னும் தள்ளி நாரைகள் வரிசையாக நின்று எங்களைப்போலவே குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. சம்பந்தியம்மா தான் கால் வைத்த இடத்திலேயே வைத்து வரச் சொன்னார். பத்தடி அப்படியே போனேன். அப்புறம் நாரையைப் பார்த்துக்கொண்டு ஒரு கால் தள்ளி வைத்தேன்.

சேறு என்னைத் தொடை வரைக்கும் இழுத்துக்கொண்டது. அவர் கூடையை விட்டுவிட்டு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை. கயிறு அறுந்ததும் நான் மொத்தமாக அவர்மேல் விழுந்தேன். இரண்டு பேரும் தண்ணீரில் கிடந்தோம். எழுந்து பார்த்தால் சம்பந்தியம்மா தலை முதல் கால்வரை கருப்புச் சேறு, கண் மட்டும் தெரிகிறது. என் கோலமும் அதேதான். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. வயிறு வலிக்கும் வரைக்கும் சிரித்தோம். நாரைகள் எழுந்து பறந்துவிட்டன.

சிரிப்பு அடங்கி முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்.

"உங்களைக் கண்டா எனக்கு பயம். படிச்ச வீடு, நர்ஸம்மா. நான் போன்ல இன்னா பேசறது? தப்பா எதனா பேசிட்டா பொண்ணுக்கு அவமானம்னு சட்டுனு குடுத்துடுவேன்."

நான் கல்யாணத்துச் சாப்பாட்டைச் சொன்னேன். மீன் போடாததற்கு இன்றுவரைக்கும் கோபம் என்று நினைத்திருந்தேன் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அய்யே, தினமும் மீன்தானே துன்றோம். கல்யாணத்துலயும் அதுவேவா? எங்காளுங்க வேன்லயே வாந்தி எடுத்துக்கினு வந்தாங்க. அதான் துன்னல. நான் ரெண்டு வாட்டி வாங்கித் துன்னேன் அண்ணி."

எட்டு மாதமாக நான் சுமந்துகொண்டிருந்த பாரம் அதோடு போயிற்று. அண்ணி என்று அவர் கூப்பிட்டது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து எனக்கும் அவர் அண்ணிதான்.

அப்புறம் சிப்பி எடுத்தோம். கம்பியின் நுனியை ஒட்டியிருக்கும் இடத்தில் கொடுத்து நெம்பினால் குத்தாகப் பெயர்ந்து வரும். செத்த சிப்பி வாய் பிளந்திருக்கும், தட்டினால் வெறும் டப்பா மாதிரிச் சத்தம். உயிருள்ளது கல் மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் அண்ணியின் பழைய முந்தானைத் துணியுமாக நான் ஒரே இடத்தில் நின்று, அவர் பெயர்த்துக் கொடுத்ததைத் தட்டிப் பார்த்துக் கூடையில் போட்டேன். அவசரத்தில் அவர் உள்ளங்கையைச் சிப்பி கீறிவிட்டது. நான் கழுவி, அழுத்திப் பிடித்து, கைக்குட்டையால் கட்டினேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, இப்படி ஒருத்தர் கட்டிவிட்டது சுகமாக இருக்கிறது என்றார்.

வீட்டுப் பின்கட்டில் சிப்பியைத் தேய்த்துக் கழுவி, பாதியைக் குண்டானில் போட்டு மூடி அடுப்பில் ஏற்றினோம். மீதியை அண்ணி சவுக்குத் தணலில் அப்படியே போட்டார். ஒவ்வொன்றாக உஸ்ஸென்று வாய் திறந்தது. முதலில் திறந்ததை இலையில் வைத்து என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரு வாய்ச் சதை, பால் கலந்த சாம்பல் நிறம். அதைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர். அப்படியே வாயில் சரித்துக்கொண்டேன். உப்பு, ஒரு இனிப்பு, அதோடு புகை. மெல்ல ஆரம்பிப்பதற்குள் தொண்டையில் இறங்கிவிட்டது. நான் இலையை மறுபடி நீட்டினேன். என் மகள் பின்வாசலில் நின்று சிரித்தாள்.

வெந்த சிப்பியை ஓட்டிலிருந்து எடுக்கும் வேலை எனக்கு. சின்னக் கத்தியைக் கொடுத்தார்கள். சதை ஓட்டோடு ஒரே இடத்தில்தான் ஒட்டியிருக்கிறது. அந்த இடம் பிடிபட்டதும் பிய்யாமல் முழுசாக வந்தது. தையல் பிரித்துப் பழகிய கை. நான் ஒரு தட்டு முடித்தபோது அண்ணி பாதித் தட்டில் இருந்தார். சின்ன வெங்காயம், பூண்டு, நிறைய மிளகு போட்டு அவர் வதக்கினார். சிப்பி விட்ட தண்ணீரைக் கீழே ஊற்றாமல் அதிலேயே சேர்த்ததால் தனியாக உப்பே போடவில்லை.

என் வீட்டுக்காரர் காலை முழுக்கச் சம்பந்தியோடு படகுத்துறையில் இருந்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தார். ஓட்டுக்குவியலைப் பார்த்துவிட்டு, கல்லைத் தின்ன நான் வரவில்லை, ரசம் போதும் என்றார். அண்ணி சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டி சிப்பி வைத்தார். இவர் விரலால் தள்ளி, மோந்து, ஒன்றை வாயில் போட்டார். அதன் பிறகு ரசத்தைக் கேட்கவே இல்லை. மூன்றாம் தடவை வாங்கும்போது மருமகன், "இன்னா மாமா, கல்லு நல்லா வெந்திருக்குதா?" என்றான். என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் ஆமாம் என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நான் பலமுறை தீவுக்குப் போய்வந்துவிட்டேன், பாதித் தடவை தனியாகவே. சரியான அளவில் ரப்பர் ஷூ வாங்கி அந்த வீட்டிலேயே வைத்திருக்கிறேன். போன வாரம் அண்ணியும் நானும் மட்டும் போனோம். கரையிலேயே சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டி, எடுத்ததில் பாதிக்கு மேல் அங்கேயே தின்றுவிட்டோம். மகள் போன் செய்து, குண்டானைக் கழுவி வைக்கட்டுமா, எவ்வளவு கிடைத்தது என்று கேட்டாள். அண்ணி வாய் நிறைய வைத்திருந்ததால் நான்தான் பேச வேண்டியிருந்தது. இன்றைக்குச் சிப்பி கொஞ்சம் கம்மிதான் என்றேன்.