உயிருள்ள முகம் இல்லை

இது நடந்தது. கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். வர்ஜீனியாவில், ஜேம்ஸ் ஆற்றின் தென்கரையில் வாழும் மார்வெல்லா டைன்ஸ் என்ற நோட்டரி, பகல் வெளிச்சத்தில், தன் வீட்டு அறையில் கண்டதை ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன்.

மார்வெல்லாவின் அலுவலகம் ஒரு மேசையும் கணினியும்தான். பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியவர்கள் எங்கிருந்தோ கேமராவின் முன் அமர்வார்கள். அவர்களின் லைசென்ஸில் உள்ள படத்தையும் முகத்தையும் இயந்திரம் ஒப்பிடும். தலையைத் திருப்பச் சொல்லும், கண்ணைச் சிமிட்டச் சொல்லும். காட்டப்படுவது வெறும் படமா, மூச்சுவிடும் மனிதரா என்று சோதிக்கும். பச்சைக் கட்டம் விழுந்தால் அவள் கேள்விகளைக் கேட்டு முத்திரை இடுவாள். சிவப்பு விழுந்தால், யாராயிருந்தாலும் வெளியே.

எர்னஸ்டீன் குட்வினுக்கு வயது எண்பத்தொன்று. வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்து மஞ்சள் பேருந்தை ஓட்டியவர். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். அந்த முகங்களில் மார்வெல்லாவின் முகமும் ஒன்று. பேருந்துக் கதவு திறக்கும்போது "ஸ்ஸ்ஸ்…" என்று காற்று சீறும். மூடும்போது "தடக்." அந்த இரண்டு ஒலிகளையும் அவ்வூரில் வளர்ந்த எவரும் தூக்கத்திலும் அடையாளம் காண்பார்கள்.

இப்போது எர்னஸ்டீன் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. வேர்க்கடலை வயலில் முதுகொடிந்து அவருடைய தந்தை வாங்கிய வீடும் ஆறு ஏக்கரும் அவர் பெயரில் இருந்தன. அவற்றை வளர்ப்பு மகள் டோரெட்டாவுக்கு எழுதிவைக்க வேண்டும். முறைப்படி தத்தெடுத்ததில்லை; எழுதாமல் கண்மூடினால், சட்டத்தின் கண்ணில் டோரெட்டா யாருமில்லை. ஓஹையோவில் இருக்கும் தம்பி பிள்ளைகளுக்கு எல்லாம் போகும். அவர்களோ, நிலத்தை டேட்டா சென்டர் கட்டும் ஒரு கம்பெனிக்கு விற்கப் பேசி முடித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நண்பகல். டோரெட்டா டேப்லெட்டை உயர்த்திப் பிடித்தாள். மூக்கில் பிராணவாயுக் குழாயோடு எர்னஸ்டீன் திரையில் தோன்றினார்.

"கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க, மிஸ் எர்னஸ்டீன்."

திரும்பினார். சிவப்பு. 'உயிருள்ள முகம் இல்லை.'

"அதுக்குக் கண்ணு தெரியலைன்னா ஒரு கண்ணாடி வாங்கிப் போடச் சொல்லு, பொண்ணே."

டோரெட்டா விளக்கைப் போட்டாள். முகத்தில் வெளிச்சம் விழ வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தாடைக்குக் கீழே பிடித்தாள். சிவப்பு.

"எண்பத்தொரு வருஷமா இந்த மூஞ்சியோடதான் திரியிறேன். ஒரு நாய்கூட என்னைப் பார்த்துப் பொணம்னு ஓடினதில்ல!"

மூன்றாம் முறையும் சிவப்பு. மறுநாள் வரை இயந்திரம் பூட்டிக்கொண்டது.

இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குக் கண் கொடுத்தவர்கள் யார்? வெளுத்த முகங்களை ஆயிரமாயிரமாய் ஊட்டி, இதுதான் மனித முகம் என்று கற்பித்தவர்கள் யார்? கறுத்த முகத்தில் மூச்சைத் தேடத் தெரியாத ஒன்றை நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் யார்? மார்வெல்லாவின் நெஞ்சு கொதித்தது. உடனே அந்த இயந்திரத்தை நடத்தும் கம்பெனியின் முதலாளி கர்டிஸ் பிராண்ட்டைத் தொலைபேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், எனக்கு அவங்களைச் சின்ன வயசுலேர்ந்தே தெரியும். நேர்ல தெரிஞ்சவங்கன்னா அதுவே போதும்னு சட்டமே சொல்லுதே."

"சட்டம் சொல்லலாம். கம்பெனி சொல்லலையே. மெஷின் பொய் சொல்லாது, மார்வெல்லா. மனுஷங்கதான் சொல்வாங்க."

"அந்தம்மா சாகக் கெடக்கிறாங்க, சார்!"

"அப்ப மெஷின் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிடுச்சு போல." அவர் சிரித்தார்.

திரையில் எர்னஸ்டீன் இன்னும் காத்திருந்தார். அந்தச் சிரிப்பு அவர் காதிலும் விழுந்திருந்தது.

"விடு, பொண்ணே. நாளைக்கு வர்றேன். நான் என்னிக்காவது லேட்டா வந்திருக்கேனா?"

மறுநாள் பிற்பகல். ஆற்றுப் பக்கமிருந்து புயல் மழை ஏறி வந்து வானத்தை அடைத்தது. அழைப்பு மணி ஒலிக்கவில்லை. மார்வெல்லா எதையும் தொடவில்லை. காணொளி தானாகத் திறந்தது.

முதலில் ஒலிதான் வந்தது.

ஸ்ஸ்ஸ்…

பிறகு முகம். எர்னஸ்டீன். மூக்கில் குழாய் இல்லை. பின்னால் மருத்துவமனைத் திரைச்சீலை இல்லை. சாம்பல் நிற ஜன்னல்கள்… வரிசையாக. விளக்கு எதுவும் இல்லாத அந்த இருட்டில் முகம் மட்டும் துலக்கமாகத் தெரிந்தது.

"மிஸ் எர்னஸ்டீன்… டோரெட்டா எங்க?"

"அழுதுக்கிட்டு இருக்கா. நீ வேலையைப் பாரு."

'இடப்பக்கம் திரும்புக' என்ற எழுத்து திரையில் விழுமுன்பே அவர் திரும்பிவிட்டார்.

'கண்ணைச் சிமிட்டுக.'

அவர் சிமிட்டவில்லை. மார்வெல்லா உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இமைகள் அசையவே இல்லை.

'சிமிட்டினார்' என்று எழுதியது இயந்திரம்.

பச்சை.

நூற்றுக்கு நூறு. இதுவரை எந்த மனிதருக்கும் அது கொடுத்திராத எண்.

ஆனாலும் மார்வெல்லா கேட்டாக வேண்டியதைக் கேட்டாள்.

"சொந்த விருப்பத்தின்பேரில்தான் கையெழுத்திடுகிறீர்களா?"

"வேற யாரோட விருப்பம்?"

"யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?"

"இனிமே என்னை யாரு வற்புறுத்த முடியும், பொண்ணே?"

பத்திரத்தின் அடியில் கையெழுத்து உருவாகத் தொடங்கியது. எழுத்து எழுத்தாக… மெதுவாக…

எர்னஸ்டீனின் இரண்டு கைகளும் திரையில் தெரிந்தன.

வட்டமான எதையோ பற்றியிருந்தன.

மார்வெல்லா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"உக்காரு. வண்டி நிக்கிறவரைக்கும் எந்திரிக்காதே."

உட்கார்ந்தாள். முத்திரை இட்டாள்.

எர்னஸ்டீன் தலைக்கு மேலே எங்கோ பார்த்தார். கண்ணாடியைப் பார்ப்பதுபோல.

தடக்.

திரை அணைந்தது.

மார்வெல்லா டோரெட்டாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க, டோரெட்டா…"

"என்ன வெளையாடுறியா? அம்மா நேத்து ராத்திரியே போயிட்டாங்க. டேப்லெட்டு சார்ஜ் இல்லாம என் காரு டிக்கியில கெடக்கு."

மார்வெல்லா அந்தப் பத்திரத்தைத் திரையில் திறந்தாள். அழித்துவிடலாம். ஒரே ஒரு தட்டு போதும். ஆனால் அச்சத்துக்கு அடியில் ஆத்திரம் விழித்தது. உயிரோடு இருந்தவரை இயந்திரம் மூன்று முறை பிணம் என்றதே, அன்று அந்தத் தீர்ப்பை மறுக்கத் தனக்கு உரிமை இல்லை என்றார்களே! இன்று இறந்தவரை உயிருள்ளவர் என்கிறது. இந்தத் தீர்ப்பை மறுக்க மட்டும் எவனுக்கு உரிமை உண்டு? பத்திரத்தைப் பதிவுக்கு அனுப்பினாள்.

தம்பி பிள்ளைகளின் வக்கீல் சும்மா இருப்பாரா? இறப்புச் சான்றிதழை ஏந்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். இப்போது பிராண்ட்டுக்கு வியர்த்தது. இயந்திரம் ஒரு பிணத்தை ஏற்றது என்று அவர் ஒப்புக்கொண்டால், அது ஏற்ற பல்லாயிரம் பத்திரங்களும் அன்றே ஆட்டம் காணும். கம்பெனி மண்ணாகும். ஆகவே அவர் பிரமாணப் பத்திரம் எழுதினார்: இயந்திரம் தவறாது, கையெழுத்திட்டவர் உயிருள்ளவரே, மருத்துவமனைதான் தேதியைக் குழப்பிவிட்டது. அதில் அவரே கையெழுத்திட வேண்டும். கம்பெனி விதிப்படி, அதே இயந்திரத்தின் முன்.

திரையில் பிராண்ட் தோன்றினார். சொந்த வீடு, நல்ல வெளிச்சம், வெளுத்த முகம்.

சிவப்பு. 'உயிருள்ள முகம் இல்லை.'

"என்ன எழவு இது?" நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணைப் பலமுறை சிமிட்டினார்.

சிவப்பு.

மூன்றாவது முறை அவர் சிரிக்கவில்லை.

சிவப்பு.

"மார்வெல்லா… நாளைக் காலையில கோர்ட்டுல கொடுத்தாகணும். உனக்குத்தான் என்னைத் தெரியுமே? பன்னெண்டு வருஷமாத் தெரியுமே? நேர்ல தெரிஞ்சவங்கன்னா… சட்டம்…"

"முழுசாச் சொல்லுங்க, சார்."

"சட்டம் போதும்னு சொல்லுது."

"கம்பெனி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போதும்னு சொல்லுது."

மார்வெல்லா முத்திரை இட்டாள். டோரெட்டாவின் வீடு டோரெட்டாவுக்கு நின்றது. வழக்கு வாபஸ் ஆனது. அந்த ஆறு ஏக்கரில் இந்த ஆண்டும் கடலை விளைந்திருக்கிறது.

பிராண்ட்டுக்கு முத்திரை இட்ட அன்று மாலை, சேமித்து வைப்பதற்கு முன்னால், அவருடைய காணொளியை அவள் ஒரு முறை ஓடவிட்டாள். இயந்திரத்தின் குறிப்பு ஓரத்தில் இருந்தது. முத்திரை இடும் அவசரத்தில் அவள் அதைப் படிக்கவில்லை.

'படத்தில் முகங்கள்: இரண்டு. உயிருள்ளது: ஒன்று.'

பிராண்ட்டின் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம்.

அவருடைய தோளுக்கு மேலே, சுவரில்… பச்சைக் கட்டம்.

அதற்குள் எதுவும் இல்லை. வெறும் சுவர்.

காணொளியை நகர்த்தினாள். பச்சைக் கட்டமும் நகர்ந்தது. மெதுவாக… குனிந்து… அவர் காதருகே வந்து நின்றது.

ஒலியைக் கூட்டினாள்.

ஸ்ஸ்ஸ்…

கடைசி நொடி வரை காத்திருந்தாள்.

கதவு மூடும் ஒலி வரவில்லை.