கமலவேணியின் இரண்டு குரல்கள்

கமலவேணி அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் என்னைப் பக்கத்தில் வைத்திருந்தார்களோ என்னவோ. பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவர் ஆப்பரேட்டர், நான் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பவன். எங்கள் ஊர் பெம்பானிலிருந்து இருவருக்கும் ஒரே கம்பெனி பஸ். வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் பாடுவார், நான் டோலக் வாசிப்பேன். பாட்டுகளை அவரே கட்டுவார். வேலை செய்துகொண்டே மனசுக்குள் கட்டி, பஸ்ஸில் என்னிடம் மெதுவாகச் சொல்லிக் காட்டுவார்.

அவர் கணவர் வீராசாமி அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது. ஊரில் அவரை நல்ல மனுஷன் என்பார்கள், நானும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை மனைவியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே போய்விடுவார். லாரி கழுவணும், டயர் பார்க்கணும், ஆளைப் பார்க்கணும். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அக்கா பாடி அவர் கேட்டதில்லை. வீட்டில் அக்கா பாட மாட்டார். காலையில் அண்ணன் எழுவதற்குள் அக்கா பஸ்ஸில் இருப்பார், சாயங்காலம் சமையலும் துணியும் சரியாக இருக்கும்.

தொண்ணூற்றெட்டில் எங்கள் கோயில் பாட்டுக் குழு திருவிழாவுக்கு ஒரு கேசட் போடுவது என்று முடிவு செய்தது. ஸ்டூடியோவுக்குப் போக வசதியில்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சேகரனிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது, ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டியது. அவருடைய படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து, காத்தாடியை நிறுத்தி, வேர்த்து ஊற்ற ஊற்றப் பதிவு செய்தோம். சேவல் கூவினால் மறுபடியும் முதலிலிருந்து. அக்கா சலிக்கவேயில்லை. அவருக்கு இந்தக் கேசட் எதற்கு என்று எனக்கு மட்டும் தெரியும், பஸ்ஸில் சொல்லியிருந்தார்.

“லாரியில கேசட்டு ஓடிக்கிட்டேதானே இருக்கும், தம்பி. அவரு ஒரு தடவ என் பாட்ட முழுசா கேட்டா போதும்.”

குரலும் டோலக்கும் பதிவாகிவிட்டன. கீபோர்டு சேர்க்க வேண்டும். அது பத்து பெரண்டாம் தாமான் குடியிருப்பில் இருந்த தினேஸ்வரனின் வேலை. அவன் புத்தம் புதிய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். ஆனால் பழையதில் செய்த வேலையைப் புதியது திறக்கவே மாட்டேன் என்றது. ஒரு நிமிஷக் குரல்கூட டிஸ்கெட்டில் கொள்ளாது. கடைசியில் சேகரன் ஹார்ட் டிஸ்க்கையே கழற்றித் துண்டில் சுற்றி, பிள்ளையைக் கொண்டுபோகிற மாதிரி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனார். பாட்டைப் பாட்டாக எடுக்க முடியாமல், குரலைத் தனியாக, டோலக்கைத் தனியாக, வெறும் சத்தமாக உள்ளே இறக்கினார்கள். என்ன வேகத்தில் பதிவானது என்று புதிய கம்ப்யூட்டர் கேட்டதாம். தினேஸ்வரன் அங்கே முன்பே இருந்த எண்ணை அப்படியே விட்டு ஓகே அழுத்தினான்.

கீபோர்டு வாசிக்க உட்கார்ந்தால் அக்காவின் சுருதி எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை, இரண்டு கட்டைக்கு நடுவில் நின்றது. எங்கள் சுருதிப்பெட்டி அரதப்பழசு, அது ஊரிலிருந்து கடல் தாண்டி வரும்போதே கெட்டிருக்கும் என்று அவனாக முடிவு செய்து, கீபோர்டைத் திருகிச் சேர்த்துக்கொண்டான். எவ்வளவு திமிர் பாருங்கள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

முதல் கேசட் வந்தது. எல்லாரும் வாயைப் பிளந்தோம். பாட்டு துள்ளியது. என் டோலக் அவ்வளவு கணீரென்று பேசும் என்று நானே நினைத்ததில்லை, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு ரசித்தேன். அக்கா மட்டும், இது நான் இல்லை என்றார். தன் குரல் தனக்கு அப்படித்தான் கேட்கும், யாருக்குத்தான் பிடித்திருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து அவர் வாயை அடைத்தோம். அவரும் ஒத்துக்கொண்டு, பெயர் எழுதாத அந்தக் கேசட்டை வீராசாமி அண்ணனின் லாரியில் வைத்தார். யார் பாடியது என்று சொல்லவில்லை. சொல்லித் தெரிந்தால் அதில் என்ன இருக்கிறது என்றார்.

ஒரு வாரம் கழித்து பஸ்ஸில் ஏறியவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அண்ணன் கேசட்டை ஓயாமல் போட்டிருக்கிறார். சாப்பிடும்போது அதே பேச்சாம். யாரோ சின்னப் பொண்ணு, பதினெட்டு வயசுகூட இருக்காது, என்னமா பாடுது, எந்த ஊர் என்று தெரியவில்லை என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை குழுவில் அக்கா இதைச் சொன்னார். கட்டின புருஷனுக்குத் தெரியவில்லை என்றால் அது தன் குரலாக இருக்க முடியாது, மெஷினில்தான் கோளாறு என்றார். தினேஸ்வரன் சிரித்தான்.

“மெஷின் சரியாத்தான்கா இருக்கு. அண்ணே என்னைக்கு உங்க பாட்ட கேட்டிருக்காரு, அடையாளம் தெரியறதுக்கு?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் டோலக்கை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவன் சொன்னது அக்காவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒன்று, மெஷின் கெடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இத்தனை வருஷமும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்திருக்க வேண்டும். மெஷினாகவே இருக்கட்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டதாக என்னிடம் சொன்னார். நானும் வேண்டிக்கொண்டேன், பொய் சொல்லவில்லை.

சேகரனின் பழைய பெட்டியையே தூக்கிக்கொண்டு தினேஸ்வரன் வீட்டுக்குப் போனோம். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். புதியதில் பாட்டு முடிந்து அமைதியாகிவிட்டது, பழையதில் அக்கா இன்னும் கடைசி அடியைப் பாடிக்கொண்டிருந்தார். தினேஸ்வரன் முகத்தில் ஈயாடவில்லை. பழையது பதிவு செய்த வேகம் ஒன்று, புதியது ஓட்டிய வேகம் ஒன்று. வேகம் கூடினதில் சுருதி ஏறி, வயசு இறங்கிவிட்டது.

அக்கா சிரித்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

தினேஸ்வரன் விடவில்லை. வேகமாக இருப்பதே எடுப்பாக இருக்கிறது, எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது, மாற்றினால் கீபோர்டை முழுக்க மறுபடி வாசிக்க வேண்டும் என்றான். குழுவில் பாதிப் பேர் அவன் பக்கம். சேகரன்கூடத் தலையைச் சொறிந்தார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எம் பேரப் போட்டு வேற யாரையோ விக்கிறதா? அப்படி ஒரு கேசட்டு வேணாம்லா.”

தினேஸ்வரன் உம்மென்று இருந்துகொண்டே எல்லாவற்றையும் மறுபடி வாசித்தான். என் டோலக் பழையபடி தொம் தொம் என்று இறங்கிவிட்டது, அதில் எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

சரியான கேசட் கைக்கு வந்த அன்று சேகரனின் பெட்டியைப் பெம்பானுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வீராசாமி அண்ணன் வெறும் லாரியோடு வந்தார். அக்கா நடுவில், நான் கதவோரம், பெட்டி என் மடியில். வாயைத் திறக்கக் கூடாது என்று அக்கா என்னிடம் முன்பே சொல்லிவிட்டார். தாமானைத் தாண்டியதும் பழைய கேசட்டை எடுத்துவிட்டு, அக்கா தன் கையாலேயே புதியதைப் போட்டார்.

பாட்டு ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் கேட்கும் அதே குரல். கொஞ்சம் கரகரப்பு, அடி முடியும் இடத்தில் ஒரு சின்ன இழுப்பு, யாராயிருந்தாலும் தெரியும். அக்கா ரோட்டைப் பார்க்கவில்லை, பாட்டையும் கேட்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முதல் பாட்டைக் கேட்டார். இரண்டாவதையும் கேட்டார். தலைகூட லேசாக ஆடியது.

“அந்தப் பொண்ணு கேசட்டு எங்க? இது யாரோ வயசான அம்மா மாதிரி இருக்கு.”

நான் வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையை அழுத்திப் பிடித்தார். அந்தப் பிடி வலித்தது. அந்தக் கேசட் அறுந்துவிட்டது, இதையும் கேட்டுப் பாருங்கள் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். இனிமேல் பழி போட ஒரு மெஷினும் இல்லை.

அண்ணன் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஒரு பாட்டையும் தள்ளவில்லை, பேசவுமில்லை. பெம்பான் கடைத்தெரு வந்தபோது ஒரு பக்கம் முடிந்தது. அவரே கேசட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கத்தில் முதல் பாட்டு முடிந்ததும் அவராகவே பேசினார்.

“இந்த அம்மாவும் நல்லாத்தான் பாடுது. நிதானமா, மனசுல தங்குற மாதிரி இருக்கு. யாருன்னு விசாரிச்சு நம்ம திருவிழாவுக்குக் கூப்பிடச் சொல்லு.”

அக்கா என் முழங்கையை விட்டார்.

“கூப்பிட்டா அவங்க வருவாங்க. நீங்க வருவீங்களா?”

“லோடு இல்லன்னா பாப்போம்,” என்றார் வீராசாமி அண்ணன்.