கழனி வழியில் ஒரு ரேஸ் கார்

எங்கள் பழைய காரின் இன்ஜின் செத்துவிட்டது என்று என் மனைவியிடம் சொன்னேன். அது சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்றதைச் சொல்வதுதான் நியாயம்.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீடு உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில், பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சொந்தக் கழனிக்குள் இருக்கிறது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரும் வழி முழுக்க மண். மழை பெய்தால் களிமண் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வெறுங்காலோடு அனுப்பும். ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த வழியைப் பார்த்ததும் வேறு சவாரி இருப்பதாக ஞாபகம் வந்து திரும்பிவிடுவார்கள். அதைக் கடக்க எங்களிடம் ஒரு வெள்ளை அம்பாசடர் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது ‘பிளசர்’. காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கும்.

வாரம் ஒரு நாள் அதில் என் மனைவியைப் பெருநகருக்கு அழைத்துப்போவேன். அங்கே அவளுடைய அக்கா இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து தேறிய பிறகு அவர் வாசற்படியைத் தாண்டுவதில்லை. கணவரும் இல்லை. என் மனைவி போய்த் தலைக்கு ஊற்றி, சிக்கெடுத்து, கொண்டுபோன கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சோறு கொடுத்து, ஊரில் உள்ள அத்தனை பேரையும் பேசித் தீர்த்துவிட்டு வருவாள். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்கள்.

என்னைப் பிடித்த பேய் கைப்பேசியில் வந்தது. ஏதோ ஒரு நாட்டில் என் வயதுக்காரர் ஒருவர், ஓடி முடித்த ஒரு காரின் உடம்பை உரித்துப் போட்டுவிட்டு, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஆக்ஸிலையும் மட்டும் எடுத்து, சேஸ் என்கிற அடிச்சட்டத்தைத் தானே கட்டி, தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து ஓட்டினார். அன்று முழுக்க அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். மறுநாள் கையில் அளக்கும் டேப்போடு பிளசரைச் சுற்றி வந்தேன்.

என் மனைவி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த அளவுக்குக்கூட அவள் கோபப்படவில்லை.

“ஓடற வண்டிய எவனாவது அறுப்பானா? அது நின்னுபோட்டும். அப்பறம் நீங்க இன்னா வேணா பண்ணிக்கோங்க, நான் கேக்க மாட்டேன்” என்றாள்.

இதை மறுப்பு என்று புரிந்துகொள்ள இயற்பியல் தேவையில்லை. நான் அதை நிபந்தனை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே கட்டைவிரல் அளவில் ரோட்டர் என்று ஒன்று இருக்கும். அது இல்லாவிட்டால் பிளக்குக்கு நெருப்பு போகாது. இன்ஜின் சுற்றும், பற்றாது. பெருநகர் போகும் நாளன்று காலையில் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தூக்குச்சட்டியில் குழம்போடு அவள் வந்து உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். திருப்பிக்கொண்டே இருந்தேன். பேட்டரி களைத்துப்போகும் வரை திருப்பினேன். பிறகு பானெட்டைத் திறந்து, டாக்டர் மாதிரி குனிந்து பார்த்து, இன்ஜின் போய்விட்டது, இனிப் பயனில்லை என்று சொன்னேன்.

அவள் இறங்கி வந்து பானெட்டின் மேல் கை வைத்தாள். “பாவம். நல்லா ஒழச்சுது” என்றாள். அப்புறம் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துபோனாள்.

அந்த இடத்தில் நான் கூப்பிட்டிருக்க வேண்டும். ரோட்டர் என் மார்பில்தான் இருந்தது. கூப்பிடவில்லை.

ரோட்டு முனையில், பஸ் நிற்கும் புளியமரத்துக்கு எதிரே, டிராக்டர் ட்ரெய்லர் செய்யும் பட்டறை ஒன்று உண்டு. சேஸ் கட்ட அந்தப் பட்டறைக்காரரைத்தான் பிடித்தேன். இந்தப் பக்கத்தில் நெல் ஏற்றும் ட்ரெய்லர்களில் பாதி அவர் கையில் பிறந்தவை. நான் வரைந்த படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தினி மூட்ட ஏத்துவீங்க சார்?”

“மூட்டையே ஏத்த மாட்டேன். நான் ஒருத்தன்தான்.”

“ஒருத்தருக்கு எதுக்கு சார் நாலு சக்கரம்?”

இப்படித் தொடங்கியது வேலை. நான் மெல்லிய பாக்ஸ் பைப் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது அது ஓரமாகச் சாத்தியிருந்தது. சேஸ் முழுவதும் ட்ரெய்லருக்குப் போடும் தடித்த இரும்புச் சேனலில் நின்றது. ஸ்போர்ட்ஸ் கார் லேசாக இருக்க வேண்டும், எடை குறைந்தால்தான் வேகம் கூடும் என்று நியூட்டனை எல்லாம் இழுத்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நாளைக்கே மனசு மாறி நெல்லு ஏத்தினா இன்னா பண்ணுவீங்க? வளஞ்சிபோச்சின்னா ஊர்ல என்னத்தான் சார் பேசுவாங்க” என்றார். பின்பக்கம் கொக்கி ஒன்றும் வைத்திருந்தார், எதையாவது இழுத்துப்போக வசதியாக. கொக்கியை மட்டும் எடுக்கச் சொல்லி மன்றாடினேன். அவர் எடுத்தார், எடுத்த இடத்தில் இரண்டு துளையை விட்டுவைத்தார்.

இந்த மாதிரி வண்டிக்கு நம்பர் தர மாட்டார்கள், ரோட்டில் ஓட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் கழனி வழியிலும் களத்திலும் மட்டும் ஓட்டப்போவதாகச் சொன்னேன். “நான் செஞ்ச ட்ரெய்லருக்கெல்லாம் இன்னா நம்பரா கீது” என்று அவர் ஆறுதல் சொன்னார்.

உண்மையில் என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான மாதங்கள் அவை. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு டிங்கரை வரவழைத்துத் தகட்டைத் தட்டி வளைத்தோம். இடது பக்கம் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரே வளைவு, நடுவில் ஒட்டு இல்லை, கதவு இல்லை. தடவிப் பார்த்தால் கன்றுக்குட்டியின் முதுகு மாதிரி இருக்கும். இன்ஜினைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, சீட்டைத் தாழ்த்தி, ஸ்டியரிங் தண்டைச் சாய்த்து, எல்லாவற்றையும் என் கால் நீளத்துக்கும் என் கை நீளத்துக்கும் அளந்து வைத்தேன். பக்கத்தில் இன்னொரு சீட்டும் இருந்தது. அதற்கு நான் யாரையும் அளக்கவில்லை.

வாரம் தவறாமல் என் மனைவி தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு வலது முழங்கால் மடங்காது. திரும்பி வரும்போது புடவைக் கரையில் முழ உயரத்துக்குச் சேறு இருக்கும். ஒரு நாள் அப்படி அவள் வந்தபோது நான் உடம்பு பூட்டாத சேஸில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, வாயால் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் காலைக் கழுவிக்கொண்டே, பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, அக்கா உங்களைக் கேட்டது என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவள் உள்ளே போனதும் நான்காவது கியருக்குப் போனேன்.

வண்டி முடிந்தது. சிவப்புப் பெயிண்ட் அடித்துக் களத்தில் நிறுத்தினேன். வேறு இன்ஜின் வாங்கிப் போட்டிருப்பதாக அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். பட்டறைக்காரர் பார்க்க வந்திருந்தார். சாவியைத் திருப்பினேன்.

வண்டி இரண்டு முறை இருமிவிட்டுப் பேசத் தொடங்கியது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் ஈரக் கையோடு வெளியே வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இது நம்ம பிளசரோட சத்தமாச்சே.”

ஒரே வகை இன்ஜின் எல்லாம் ஒரே மாதிரிதான் சத்தம் போடும் என்று ஆரம்பித்தேன். வாயு, அழுத்தம், அதிர்வெண் வரை போனேன். அவள் அதற்குள் முன்பக்கம் வந்து, திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்திருந்தாள். நான் அந்த வண்டியில் எல்லாவற்றையும் துடைத்தேன், எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்தேன். இன்ஜினின் மேல்மூடியை மட்டும் விட்டுவிட்டேன். சூட்டில் பெயிண்ட் நிற்காது. அதன் மேல் எண்ணெய்க் கறைக்கு நடுவே மூன்று பொட்டு தெரிந்தது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு நான் பானெட்டைத் திறந்துவைப்பேன், அவள் இன்ஜினுக்குச் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைப்பாள்.

“நான் வச்ச பொட்டுங்க இது” என்றாள்.

இன்ஜினை நிறுத்தினேன். பட்டறைக்காரருக்குத் திடீரென்று வேலை ஞாபகம் வந்தது; போய்விட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நிபந்தனை, ரோட்டர், பேட்டரி தீரும் வரை திருப்பியது, எதையும் விடவில்லை.

“எங்க வச்சினு இருந்தீங்க அத?”

“சட்டைப் பையில.”

“நான் பக்கத்துல குந்திகினு சாமிய வேண்டிக்கினேன், கிளம்பட்டும்னு” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவள் புறப்பட்டபோது, பஸ் வரைக்கும் கொண்டுவிடுகிறேன், ஏறு என்றேன். வண்டியைச் சுற்றிவந்து கதவு எங்கே என்று கேட்டாள். கதவு கிடையாது, தாண்டி ஏற வேண்டும் என்றேன். அவள் தன் முழங்காலைப் பார்த்தாள், அந்த வளைவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நடக்க ஆரம்பித்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் முதல் கியரில் பின்னாலேயே போனேன். முன்னால் தூக்கோடு அவள், பின்னால் உறுமிக்கொண்டு சிவப்பு ரேஸ் கார். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். “இன்னா சார், வண்டி மாடு பூட்டாம போவுதா, அம்மா இஸ்துகினு போவுதா?” என்று ஒருத்தி கேட்டாள். கழனி முழுக்கச் சிரிப்பு. என் மனைவியின் முதுகும் குலுங்கியது. ஆனால் திரும்பவில்லை.

புளியமரத்தடியில் பஸ் இன்னும் வரவில்லை. எதிரே பட்டறையில் புது ட்ரெய்லர் ஒன்றின் பக்கப் பலகையைத் திறந்து சங்கிலியில் தொங்கவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து ஆட்கள் நாஷ்டா தின்றுகொண்டிருந்தார்கள். என் மனைவி அங்கே போய்ப் பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். ஆள் நின்றால் தாங்குமா என்று கேட்டாள். மூட்டையோடு நின்றாலும் தாங்கும் என்றார் பட்டறைக்காரர்.

“அப்ப அந்த வண்டிக்கி இதே மாரி ஒண்ணு வச்சிடுங்க. எறக்கினா படி, ஏத்தினா கதவு.”

“வைக்கலாம்மா. சார்தான் ஒருத்தர்தான் போவேன்னு சொன்னாரு.”

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டர் விஷயம் தெரிந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கே அறுக்கச் சொன்னேன். அந்த இடது பக்க வளைவில் கட்டர் இறங்கியபோது தகட்டை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரருக்கு அத்தனை உற்சாகம். இவ்வளவு நாள் தெரியாத பாஷையில் திணறியவர் தாய்மொழிக்குத் திரும்பியது போல வேலை செய்தார். கனமான கீல், இரண்டு பக்கமும் சங்கிலி, மேலே கொண்டி. சேஸ் தளராதா என்று கேட்டேன். “அதுக்குத்தான் சார் சேனல்” என்றார். இடது சீட்டை உயர்த்தி, காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டோம். இந்த முறை அவளை உட்காரவைத்து அளந்தேன். இப்போது வண்டி இடது பக்கம் ட்ரெய்லர் மாதிரியும் வலது பக்கம் ரேஸ் கார் மாதிரியும் இருக்கிறது. வலது பக்கமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் பெருநகருக்கு இதில் போக முடியாது. நம்பரும் பேப்பரும் உள்ள, ரோட்டில் போகக்கூடிய ஒரே வண்டியை நான் அறுத்துத் தின்றுவிட்டேன். அதனால் வாரம் ஒரு நாள் கழனி வழியில் புளியமரம் வரை அவளைக் கொண்டுவந்து, வண்டியைப் பட்டறை ஓரம் விட்டுவிட்டு, நானும் பஸ் ஏறுகிறேன். நான் வர வேண்டும் என்பது அவள் போட்ட தண்டனை. அவளுக்கு இடம் பிடிப்பது என் வேலை. கருவாட்டுக் குழம்புத் தூக்கு என் மடியில் இருக்கும். பக்கத்து சீட்காரர்கள் என்னைத்தான் பார்ப்பார்கள். பக்கப் பலகை இறங்கும்போது ‘டமார்’ என்று ஒரு சத்தம் வருகிறது. அது கேட்டால் பஸ் டிரைவர் கியரைப் போடாமல் காத்திருக்கிறார்.

முதல் நாள் போனபோது அக்காவிடம் நானே சொல்ல வேண்டும் என்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். முடித்ததும் அக்கா கேட்டார்:

“இவ்ளோ படிச்சீங்களே மாப்ளே, அந்தப் பொட்ட அழிக்கத் தெரியலியா?”

சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது முதல் ஒவ்வொரு வாரமும் தலைக்கு ஊற்றி முடித்ததும் அந்தக் கதையைக் கேட்கிறார். நானும் ஒன்றும் விடாமல் சொல்கிறேன். மூட்டைக்குச் சிரிக்கிறார், கொக்கிக்குச் சிரிக்கிறார், நாற்று நட்டவளுக்கு அதிகமாகச் சிரிக்கிறார். சிக்கெடுத்துக்கொண்டே என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். நான் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன் என்கிற இடத்தில் மட்டும் அவள் கையில் சீப்பு நின்றுவிடும். நானும் நிறுத்திவிடுவேன்.

“ம், மேல சொல்லுங்க” என்பாள்.

சொல்வேன்.