சீமைச்சாமந்தி ஒத்தடம்

உப்பளத்தில் வேலை செய்பவருக்கு நிர்வாகம் கறுப்புக் கண்ணாடி தர வேண்டும் என்பது விதி. நேற்று குயிலாப்பாளையம் கடையில் சீமைச்சாமந்தித் தேநீரின் ஆவி முகத்தில் பட்டதும், கண்ணாடி கிடைக்காத அம்மாவின் சிவந்த கண்கள் நினைவுக்கு வந்தன. அந்நாட்களில் மாதாகோயில் மருந்தகத்து சிஸ்டர் கொடுத்த அந்தக் காய்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறவிட்டு, துணியில் நனைத்து, மூடிய இமைகளில் ஒற்றுவேன்.

"ஆப்பிள் வாசனை அடிக்கும்னு சிஸ்டர் சொன்னாங்க. அடிக்குதாம்மா?"

"நான் எங்கடா ஆப்பிளக் கண்டேன்? எரிச்சல் அடங்குது, போதும்."

பூ எரிச்சலைத் தணித்தது. மறுநாள் வெயிலில் உப்பு மின்னுவதை அதனால் தடுக்க முடியவில்லை. தை மாதம் கண்ணாடி கேட்டு மனு எழுதினேன், என் வாழ்நாளின் முதல் மனு. 'ஆவன செய்யப்படும்' என்ற பதில் வந்தது, அளம் முழுவதும் மழையில் மூழ்கிக் கிடந்த ஐப்பசி ஐந்தாம் தேதி.